நைட்ரஸ் கிட்: பொருத்துவதும் வயரிங் செய்வதும்

பெட்ரோல் எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது பெட்ரோல் அல்ல, காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பம்ப் தள்ளிவிடும். அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனைத்தான் எஞ்சினால் ஓர் அளவுக்கு மேல் உறிஞ்ச முடியாது. அந்த எல்லையைச் சில விநாடிகளுக்கு விலக்கி வைக்கும் கருவித் தொகுப்பே நைட்ரஸ் கிட்.

காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம்; நைட்ரஸ் ஆக்ஸைடில் அது 36 சதவீதம். எஞ்சினுக்குள் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானதும் இந்த வாயு நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. கூடுதல் ஆக்சிஜன் கூடுதல் பெட்ரோலை எரிக்கிறது. பாட்டிலில் திரவமாக இருக்கும் நைட்ரஸ் வெளியே வந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அதுவும் திறனைக் கூட்டுகிறது. இந்த வாயு தானாக எரிவதில்லை. கூடுதல் திறன் முழுவதும் கூடுதலாக எரியும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. எனவே வாயு பாயும் ஒவ்வொரு கணமும் அதற்கு ஈடான பெட்ரோலும் பாய்ந்தாக வேண்டும். குழாய், வால்வு, வயர் எல்லாமே இந்த ஒரு விதியைக் காப்பதற்குத்தான்.

ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் கண்டறிந்த இந்தச் சிரிப்பூட்டும் வாயு, 19ஆம் நூற்றாண்டில் பல் மருத்துவத்தில் மயக்க மருந்தாகியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படை, காற்று மெலிந்த உயரங்களில் எஞ்சின் திறன் குன்றாதிருக்க ஜிஎம்-1 என்ற பெயரில் இதைப் பயன்படுத்தியது. பிறகு அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் கைக்கொண்டனர். கலிஃபோர்னியாவில் 1978இல் தொடங்கிய 'நைட்ரஸ் ஆக்ஸைடு சிஸ்டம்ஸ்' நிறுவனம் கிட்களைப் பரவலாக்கியது. 2001இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படம் இதைப் பற்றி உலகெங்கும் பேச வைத்தது.

கிட்கள் மூன்று வகை. உலர் வகையில் நாசில் வழியே வாயு மட்டும் போகும். கூடுதல் பெட்ரோலைக் காரின் சொந்த இன்ஜெக்டர்களே தர வேண்டும். ஈர வகையில் வாயுவும் பெட்ரோலும் ஒரே நாசிலில் கலந்து தெளிக்கப்படும். மூன்றாவது வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நாசில் உண்டு. அது பந்தய எஞ்சின்களுக்கு உரியது. நல்ல நிலையில் உள்ள சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சின் 40 முதல் 60 குதிரைத்திறன் வரை கூடுதலாகத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு.

ஒற்றை நாசில் கொண்ட ஈர வகையைப் பொருத்தும் வேலை டிக்கியில் தொடங்குகிறது. வழக்கமான பாட்டிலில் 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ நைட்ரஸ் பிடிக்கும். 100 குதிரைத்திறன் கூட்டும் கிட்டுக்கு இது ஏறத்தாழ இரண்டு நிமிடம் வரும். பாட்டிலுக்குள் அடிப்பக்கம்வரை வளைந்து செல்லும் உறிஞ்சு குழாய் ஒன்று உண்டு. வால்வு காரின் முன்பக்கம் நோக்கியும் லேபிள் மேலே பார்த்தும் இருக்கும்படி பாட்டிலைப் படுக்க வைத்தால், கார் வேகமெடுக்கையில் பின்னுக்கு ஒதுங்கும் திரவத்தில் அந்தக் குழாயின் வாய் மூழ்கியே இருக்கும். தலைகீழாக வைத்தால் திரவத்துக்குப் பதில் ஆவி கிளம்பி, அளவு தவறும். பாட்டிலைத் தாங்கும் பிராக்கெட்டை டிக்கியின் தகரத்தில் போல்ட்டால் முடுக்க வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் கிழியும் பாதுகாப்புத் தகடு வால்வில் இருக்கிறது. அதன் வெளியேற்றுக் குழாய் காருக்கு வெளியே திறக்க வேண்டும். மூடிய காருக்குள் இந்த வாயு நிறைந்தால் மூச்சு முட்டி உயிர் போகும்.

எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் காரின் அடிப்பக்கமாக முன்னே செல்கிறது. சைலன்சர் குழாய், சஸ்பென்ஷன், பேட்டரி வயர் ஆகிய மூன்றிலிருந்தும் அது விலகியிருக்க வேண்டும். ஹோஸின் முன் முனையை எஞ்சின் பக்க வால்வோடு இணைக்குமுன் பாட்டிலை ஒரு கணம் திறந்து மூடினால், உள்ளே தங்கிய தூசி வெளியேறும். டெஃப்லான் டேப்பை எந்த இணைப்பிலும் சுற்றக் கூடாது. அதன் துணுக்கு நாசிலை அடைத்துவிடும். சரிவு மரையுள்ள இணைப்புகளுக்கு மட்டும் டெஃப்லான் பசை போதும்.

எஞ்சின் அருகே மின்சாரத்தால் திறக்கும் இரண்டு சோலினாய்டு வால்வுகள்: ஒன்று நைட்ரஸுக்கு, மற்றது பெட்ரோலுக்கு. த்ராட்டிலுக்குச் சில அங்குலம் முன்னால், காற்று செல்லும் குழாயில் நாசில் பொருந்துகிறது. அந்தக் குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளையிட வேண்டும். உலோகத் தூள் எஞ்சினுக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு பாதையிலும் ஜெட் என்னும் துளைத்திருகு எவ்வளவு பாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் சோடியாகவே தரப்படும். இடம் மாறினாலோ வேறு சோடியுடன் கலந்தாலோ விகிதம் குலையும். பெட்ரோல் குறைந்தால் வெப்பம் எகிறி, அலுமினிய பிஸ்டன் உருகும்.

வயரிங்கின் மையம் ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலே. சோலினாய்டுகள் இழுக்கும் கனமான மின்னோட்டத்தைச் சிறு ஸ்விட்ச்கள் தாங்கா. எனவே ஸ்விட்ச்கள் ரிலேயை மட்டும் இயக்க, ரிலே சோலினாய்டுகளை இயக்குகிறது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர் ரிலேயின் 30ஆம் முனைக்குச் செல்கிறது. 87ஆம் முனையிலிருந்து கிளம்பும் வயர் இரண்டு சோலினாய்டுகளுக்கும் பிரிகிறது. அவற்றின் மறுமுனைகள் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் எர்த் ஆகின்றன. இரண்டும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் பெறுவதால் ஒரே கணத்தில் திறக்கின்றன.

ரிலேயை இயக்கும் சுற்று 86, 85 ஆகிய முனைகளில் இருக்கிறது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர், டாஷ்போர்டில் உள்ள முதன்மை ஸ்விட்ச் வழியே 86க்கு வருகிறது. 85லிருந்து எர்த் வரையிலான பாதையில் மூன்று காவல்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டும் இணையும் மைக்ரோ ஸ்விட்ச். த்ராட்டில் பாதி திறந்த நிலையில் காற்று குறைவு. அப்போது நைட்ரஸ் பாய்ந்தால் கலவை கட்டுக்கு மீறும். இரண்டாவது, எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் ஸ்விட்ச். நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுழற்சிக்குக் கீழே நைட்ரஸ் பாய்ந்தால் சிலிண்டரில் அழுத்தம் மிஞ்சி, கனெக்டிங் ராடு வளையலாம். உச்ச வரம்பைத் தொடுமுன்னும் இது நிறுத்திவிடும். மூன்றாவது, பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் சுற்றைத் துண்டிக்கும் ஸ்விட்ச். மூன்றும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று மறுத்தாலும் வாயு பாயாது. வெறும் பொத்தானை அழுத்திப் பாய்ச்சும் வயரிங்கில் இந்தக் காவல் எதுவும் இல்லை.

சோதனையின்போது பாட்டில் மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸும் கழற்றியிருக்க வேண்டும். சுழற்சி ஸ்விட்ச்சைத் தற்காலிகமாக விலக்கி, பெட்ரோல் அழுத்த ஸ்விட்ச்சையும் அதேபோல் கடந்து, சாவியும் முதன்மை ஸ்விட்ச்சும் போட்டு, பெடலை முழுதும் மிதித்தால் இரண்டு வால்வுகளும் 'டக்' என்று ஒலிக்கும். பிறகு இரண்டையும் மறவாமல் பழையபடி இணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது, திறந்த பாட்டிலோடு சோலினாய்டை இயக்குவது பேராபத்து. உள்வழிக் குழாயில் தேங்கும் வாயுவும் பெட்ரோலும் ஸ்டார்ட் செய்யும்போது வெடிக்கும். இணைப்புகளில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நீர் காட்டிவிடும்.

எஞ்சினிலும் மாற்றம் வேண்டும். கலவை வேகமாக எரிவதால், ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் இக்னிஷன் டைமிங்கை ஒன்று முதல் இரண்டு டிகிரி பின்தள்ளுவது வழக்கம். ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் நாக்கிங்கைத் தடுக்கும்.

பாட்டில் அழுத்தம் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை இருப்பது உகந்தது. கார் டயரில் இருப்பதோ 30 சொச்சம்தான். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் இந்த அழுத்தம் கிடைக்கும். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. அழுத்தம் விரைந்து ஏறும். அப்போது வாயு மிகுந்து பெட்ரோல் போதாமல் போகும். ஆகவே வெயிலில் நிறுத்திய காரில் பாட்டிலை விட்டுவைக்கக் கூடாது. குளிர்நாடுகளில் பாட்டிலைச் சூடேற்ற, அழுத்தம் எட்டியதும் தானே அணையும் மின்போர்வை உண்டு. நெருப்பைக் காட்டிச் சூடாக்கினால் பாட்டில் வெடிக்கும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாலையில் ஓடும் காருக்கு நைட்ரஸ் உரியதல்ல. விதிகள் அனுமதிக்கும் பந்தயத் தடத்தில், ஓட்டத்துக்குச் சற்று முன் பாட்டிலைத் திறந்து, முடிந்ததும் மூடி, ஹோஸில் மிஞ்சிய வாயுவையும் வெளியேற்றிவிடுவதே முறை.