படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவுகிறோம். இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. ஏன்?

படர்தாமரை, பூஞ்சையால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதற்குப் பலிக்காது. பூஞ்சையின் செல் பல வகையிலும் நம் செல்லைப் போன்றது என்பதால், நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் தாக்குவது கடினம். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. நம் செல்லின் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால். க்ளோட்ரிமசோல், இட்ராகோனசோல், டெர்பினாஃபைன் போன்ற மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. சவ்வு பலவீனமாகி, பூஞ்சை வளர முடியாமல் போகிறது.

இதற்குச் சில வாரங்கள் ஆகும். அப்படியானால், இரண்டே நாளில் அரிப்பு நின்றது எப்படி? பல க்ரீம்களில் ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அது அரிப்போடு சேர்த்து தோலின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிட, பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, வரி வரியாகத் தழும்பும் விழலாம்.

க்ரீம் அட்டையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால், அது ஸ்டீராய்டு. நீங்களாக வாங்காதீர்கள். தோல் மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை பயன்படுத்துங்கள். துண்டு, உள்ளாடைகளைப் பகிர வேண்டாம். துவைத்து வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் குணமானால் போதாது.