இயந்திரங்களுக்கும் வைத்தியர் உண்டு!



உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் என்ன செய்கிறார்? மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார், தொட்டுப் பார்க்கிறார், 'எப்போதிலிருந்து?' என்று விசாரிக்கிறார். ஆலைகளில் ஓடும் இயந்திரங்களுக்கும் இப்படி வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள்தான் இயந்திரப் பராமரிப்புப் பணியாளர்கள்.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு மாணவன், நின்றுபோன வகுப்பறைக் கடிகாரத்தை மதிய இடைவேளையில் கழற்றிவிட்டான். திரும்பப் பூட்டினால் ஒரு திருகாணி மிச்சம்! கடிகாரமும் ஓடவில்லை. "படிக்கிற வேலையைப் பாருடா" என்று கண்டித்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு திருமண வீட்டில் வந்து வணக்கம் சொன்னான். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பராமரிப்புப் பிரிவில் வேலை. "சார், அந்தத் திருகாணி ஏன் மிஞ்சியது என்று ஐ.டி.ஐ.யில்தான் தெரிந்துகொண்டேன்" என்றான் சிரித்தபடி. எனக்கு வெட்கமாகிவிட்டது. திட்டிய நேரத்தில் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே! அவன் சொன்னதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கே படிப்பது?

ஐ.டி.ஐ. என்பது தொழிற்பயிற்சி நிலையம். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் 'பிட்டர்' பிரிவில் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டுகள். ஆலை இயந்திரங்களைப் பராமரிக்கவே தனிப் பிரிவும் உண்டு. பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ.க்களும் இருக்கின்றன.

முதலில் அரம்!

சேர்ந்தவுடன் பெரிய இயந்திரத்தைத் தொட விடுவார்களா? மாட்டார்கள். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவச் சொல்வார்கள். பக்கங்கள் சமமாக வேண்டும். மூலைகள் சரியான செங்கோணமாக வேண்டும். மூலைமட்டத்தை இரும்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார் ஆசிரியர். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால், மறுபடியும் ராவு! கை கொப்பளிக்கும். ஆனால், அந்தக் கைதான் பிறகு நுட்பமான வேலை செய்யும்.

அடுத்து அளவு. மைக்ரோமீட்டர் என்ற கருவி 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! 'தசம எண் எதற்கு சார்?' என்று கேட்பீர்களே, இதற்குத்தான்.

திருகாணி ஏன் மிஞ்சியது?

கழற்றுவது எளிது, பூட்டுவதுதான் வித்தை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போதே அடையாளமிட வேண்டும். கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்க வேண்டும். பூட்டும்போது கடைசியில் கழற்றியது முதலில் போகும். என் மாணவன் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டிருக்கிறான்!

கேட்டே கண்டுபிடிக்கலாம்

நூற்பாலையில் நூலை முறுக்கும் கதிர்கள் நிமிடத்துக்கு 15 ஆயிரம் முறைக்கு மேல்கூடச் சுழலும். சுழலும் தண்டுகளைத் தாங்குவது பேரிங். அதில் கிரீஸ் வற்றினால் உராய்வு கூடும், சூடேறும், சத்தம் மாறும், அதிரும். கவனிக்காமல் விட்டால் பேரிங் உடையும், இயந்திரம் நிற்கும். நல்ல பணியாளர் அந்தச் சத்தத்தை முன்பே கேட்டுவிடுவார். பழுது வருமுன் காப்பதே இவர்களின் பெருமை.

பூட்டும் சாவியும்

இதுதான் மிக முக்கியம். பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. விவரம் தெரியாத ஒருவர் சுவிட்சைப் போட்டுவிட்டால்? உள்ளே கை வைத்திருப்பவரின் கதி? அதனால் சுவிட்சைப் பூட்டி, 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்ற நினைப்புதான் விரல்களைப் பறிக்கிறது.

மேலே படிக்கலாமா?

தாராளமாக! ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்கும் போகலாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஆலையிலேயே உதவித்தொகையுடன் பயிற்சியும் பெறலாம். 'மார்க் குறைந்தவர்கள் போகிற இடம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு (1893-1974), இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திர நுட்பம் பழகினார்.

நீங்களும் ஒரு பால்பாயின்ட் பேனாவில் தொடங்குங்கள். வரிசையாகக் கழற்றி வையுங்கள், பின்னோக்கிப் பூட்டுங்கள். மின்சாரத்தில் ஓடும் எதையும் தொடவே கூடாது, சரியா?

பேனா எழுதுகிறதா? எதுவும் மிஞ்சவில்லையே? சபாஷ்! முதல் பாடத்தில் நீங்கள் பாஸ்!