மாரத்தானுக்கு முந்தின பதினஞ்சு நாள்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கி.மீ. பஸ்ஸில் போனாலே அலுத்துப்போற அந்தத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா, 42.195 கி.மீ. ஓடுறதுதான் ஃபுல் மாரத்தான். ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துட்டு, மாசக்கணக்கில் ராமநாயக்கன் ஏரிப் பக்கமும் காலேஜ் கிரவுண்டிலும் ஓடிக்கிட்டிருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. கடைசி ரெண்டு வாரத்தில் நிறைய பேர் சொதப்புறது பயிற்சி பத்தாம இல்ல, பயத்தில் கூடுதலா ஓடித்தான்.

ஏன் குறைக்கணும்?

ஓடும்போது உடம்பு களைச்சுத்தான் போகுது. அதுக்கப்புறம் கிடைக்கிற ஓய்வில்தான் தசை சரியாகி வலுவாகுது. சிவில் பசங்களுக்கு இது ஈசியா புரியும். கான்கிரீட் போட்ட அன்னைக்கே பலம் வந்துடாது. கியூரிங் பண்ணி 28 நாள் கழிச்சு டெஸ்ட் பண்றோம். அதேபோல, ஒரு லாங் ரன்னோட பலன் உடம்பில் சேர ரெண்டு வாரம் போல ஆகும். ரேஸுக்கு அஞ்சு நாள் முன்னாடி 25 கி.மீ. ஓடினா களைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இப்படிப் படிப்படியா குறைக்கிறதுக்குப் பேர் டேப்பர். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2007இல் வெளியான ஒரு அலசல் சொன்னது இதுதான்: ரெண்டு வாரத்துக்கு ஓடுற தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைக்கலாம், ஆனா வேகத்தைக் குறைக்கக் கூடாது. வாரம் 50 கி.மீ. ஓடுறவர் முதல் வாரம் 30, ரேஸ் வாரம் 20 கி.மீ.னு வெச்சுக்கலாம். ஓடுற நாட்களை அப்படியே விட்டுட்டு, ஒவ்வொரு நாளோட தூரத்தைச் சுருக்கினா போதும்.

எடை கூடுதே!

டேப்பர் நேரத்தில் மனசு சும்மா இருக்காது. கால் கனமா தோணும். இல்லாத முட்டிவலி வந்த மாதிரி இருக்கும். எடை ஒரு கிலோ ஏறியிருக்கும். "எல்லாம் போச்சு"ன்னு தோணும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கி.மீ.க்கு, சுமார் ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ இருக்கிறவருக்கு 42 கி.மீ.க்கு ஏறக்குறைய 2500 கலோரி. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனா சேர்ந்திருக்கிறது சுமார் 2000 கலோரிதான். 30 கி.மீ. தாண்டினதும் கால் திடீர்னு நின்னுபோறதுக்கு இதுவே முக்கியக் காரணம். அதனாலதான் கடைசி ரெண்டு மூணு நாள் சோறு, இட்லி, உருளைக்கிழங்குன்னு மாவுச்சத்தைக் கூட்டச் சொல்றாங்க. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோட சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். ஏறின அந்த ஒரு கிலோ, டேங்க் நிரம்பினதுக்கான அடையாளம்.

நம்ம ஊர் கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடுதான். ஆனா நார்ச்சத்து அதிகம், ரேஸுக்கு முந்தின நாள் மட்டும் விட்டுடுங்க. புது ஷூ, புது ஜெல் எதையும் அன்னைக்குச் சோதிச்சுப் பார்க்காதீங்க.

சென்னையோட புழுக்கம்

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஜனவரி விடியலில் இங்கே ஸ்வெட்டர் வேணும். கடலோரச் சென்னையில் அதே நேரத்தில் வியர்க்கும். ஈரக்காத்தில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடம்புச் சூடும் இறங்காது. அதனால முதல் 10 கி.மீ.யை ஓசூர் வேகத்தைவிட மெதுவா ஓடுங்க. பயத்தில் தண்ணியையும் குடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிச்ச 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைஞ்சிருந்தது. அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சது அதுக்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடிச்சா போதும்.

நம்பிக்கைக்கு

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி புது யூனிட்டைத் திறந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அதுக்குப் பதிலா, ஓடின கணக்கு இருக்கிற நோட்டையோ ஆப்பையோ திறந்து, நாலு மாசத்து கி.மீ.யைக் கூட்டிப் பாருங்க. மனசு சொல்றதைவிட அந்த எண் நம்பகமானது. ரேஸுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரலைன்னா கவலை வேண்டாம், அதுக்கு முந்தின ராத்திரிகளில் நல்லாத் தூங்கியிருந்தா போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இடம் மாறி மாறி வந்து போற வலியை விட்டுடலாம். எலும்பில் ஒரே இடத்தில் நின்னு, ஓட ஓடக் கூடுற வலின்னா டாக்டரைப் பாருங்க. அடுத்த வருஷமும் ஜனவரி வரும்.

ரேஸ் அன்னைக்குக் காலையில் ஓடணும்னு கால் பரபரத்தா, அந்த ரெண்டு வாரத்தைச் சரியாக் கழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.