வேலா எக்ஸ்: 11,000 ஆண்டுச் செலவுக் கணக்கு

இலங்கையின் பல்லேபொலவில் மார்ச் மாதக் கடைசியில், இரவு எட்டரை மணிவாக்கில் தெற்கே பார்த்தால், அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் வேலா பல்சர் நிற்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு பெரிய விண்மீனின் எஞ்சிய கரு அது. செக்கனுக்குப் பதினொரு முறை சுழல்கிறது. அதையொட்டி, முழுநிலவைப் போல நாலைந்து மடங்கு அகலத்துக்கு வேலா எக்ஸ் என்ற நெபுலா பரந்து கிடக்கிறது. (எக்ஸ் கதிருக்கும் இந்த எக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அங்கே கண்ட மூன்று வானொலித் திட்டுகளுக்கு 1958இல் ரிஷ்பெத் எக்ஸ், வை, இசட் என்று பெயரிட்டார்.) சந்திரா விண்கலம் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் பல்சரைச் சுற்றிய வளைவுகளும் பீச்சும் தெளிவாகத் தெரிகின்றன, வானொலிப் படமோ கலங்கல். ஆனாலும் இந்தப் பல்சரின் பழைய வரலாற்றைக் கேட்பவர் அந்தக் கலங்கலைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பல்சர் சுழல்வது நமக்கு எப்படித் தெரியும்? சி. வி. ராமனின் மகன், சென்னையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், 1969இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் குக்குடன் சேர்ந்து வேலாவை ஆராய்ந்தார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் வானொலி அலையின் முனைவுத் திசை சீராகத் திரும்பியது. சுழலும் காந்த முனையொன்று நம்மைக் கடந்து போனால்தான் அப்படி நிகழும். இந்தச் சுழற்சி நாளொன்றுக்குச் சுமார் 11 நானோசெக்கன் மந்தமாகிறது. அற்பமாகத் தோன்றும் அந்த இழப்பு, சூரியன் வீசும் ஆற்றலைப் போல் சுமார் 1,800 மடங்கு. அதில் பெரும்பகுதி இலத்திரன்களும் பொசித்திரன்களும் கொண்ட காற்றாக வெளியேறி, காந்தப்புலத்தில் சுழன்று ஒளிர்கிறது.

செலவான ஆற்றலின் தடம் எங்கே? எக்ஸ் கதிரை உமிழும் அதிவேக இலத்திரன்கள் பலமான காந்தப்புலத்தில் சீக்கிரமே ஓய்ந்துவிடுகின்றன. இதே வகையான நண்டு நெபுலாவில் அவற்றின் ஆயுள் சில ஆண்டுகள்தான். ஆகவே எக்ஸ் கதிர்ப் படம் நேற்றைய கணக்கு. வானொலி அலை உமிழ்பவை ஆற்றல் குறைந்தவை, மெதுவாகவே செலவழிப்பவை. வேலாவின் வயதுக்குள் அவை தீர்ந்துபோக வழியில்லை. பல்சர் இளமையில் வேகமாகச் சுழன்று அதிகமாகக் கொட்டியதெல்லாம் வேலா எக்ஸில் இன்னும் இருப்பில் உள்ளது.

வேலா எக்ஸ் வெடிப்பின் ஓட்டிலுள்ள ஒரு பிரகாசமான துண்டாக இருக்கலாகாதா? முன்பு பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அதிர்வெண் கூடும்போது ஓட்டின் வானொலி ஒளி வேகமாகக் குறைகிறது, வேலா எக்ஸின் ஒளியோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பல்சர் ஊட்டும் நெபுலாவின் அடையாளம் அது. வைலரும் பனாஜியாவும் 1980இல் இதை எடுத்துக்காட்டினார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: பல்சர் நெபுலாவின் நடுவில் இல்லை, வட ஓரத்தில் இருக்கிறது. 2001இல் புளொண்டின் குழு செய்த கணிப்பின்படி, ஒரு பக்கத்து வாயு அடர்த்தியானால், வெடிப்பின் உட்திரும்பும் அதிர்ச்சி அலை அந்தப் பக்கமிருந்து முந்தி வந்து நெபுலாவை நசுக்கி எதிர்ப்புறம் தள்ளிவிடும். வேலாவின் வடபுறம்தான் அடர்த்தி கூடியது. தள்ளப்பட்ட அந்தப் பழைய சரக்கு தெற்கே வானொலியில் அகலமாகத் தெரிகிறது. எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரியும் புதிய காற்று பல்சரை ஒட்டியே நிற்கிறது.