வீட்டிலிருந்தே வேலை: பலன் கூடுமா, குறையுமா?

மறைமலைநகர்த் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர் தம் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சற்றுத் தெற்கே, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கணிப்பொறி நிரல் எழுதுபவருக்கு அது இயலும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அப்படித்தான் நடந்தது. அதனால் வேலைத்திறன் என்னவாகும்?

ஆசியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் 10,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். வீட்டில் உழைத்த நேரம் கூடியது. முடித்த வேலையோ சற்றுக் குறைந்தது. ஒரு மணி நேர உழைப்பின் பலன் 8 முதல் 19 சதவீதம் சரிந்தது. காரணம் சோம்பல் அன்று: கலந்துபேசும் கூட்டங்கள் பெருகி, இடையூறின்றி உழைக்கும் நேரம் சுருங்கியது.

சீனாவில் 2010இல் தொடங்கிய சோதனையிலோ, வீட்டில் தனியே தொலைபேசிக்குப் பதிலளித்தவர்களின் திறன் 13 சதவீதம் உயர்ந்தது.

ஆகவே, தனித்துச் செய்யும் வேலைக்கு வீடு ஏற்றது. கூடிச் செய்யும் வேலையில் வீணாகும் நேரத்தை ஊழியர் தம் ஓய்விலிருந்தே ஈடுகட்ட நேர்கிறது.