பக்கத்து வீட்டுப் பசுமைக்குடிலும் என் கராஜ் விளக்கும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் இரண்டாவது வாரம். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருடைய பசுமைக்குடிலுக்குள் நாலு கஞ்சாச் செடிகள், என்னைவிட உயரமாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாது. அவர் ஒரு தடித்த மொட்டைப் பிடித்து இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே முழுக்கப் பழுப்பு. விரல் பட்டதும் சாம்பல் மாதிரித் தூசி பறந்தது. ஐந்து மாச உழைப்பு. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் எங்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கீழே புத்தம் புதிய ஹீட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

விஷயத்துக்குள் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குச் சற்று வெளியே. 2018 அக்டோபர் 17 முதல் இங்கே கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்க்கவே கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு: அங்கே 1985 போதைப்பொருள் சட்டத்தின்படி ஒரு செடி வளர்த்தாலும் பத்து வருஷம்வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆகவே இதைத் தாவரவியலாகப் படியுங்கள், போதும்.

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் கறிவேப்பிலையை ஆறு மாசம் வீட்டுக்குள்ளும் ஆறு மாசம் வெளியிலும் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள். அதனால் செடி விஷயத்தில் எனக்கு ஏதோ தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "ஹீட்டர் வெச்சேன், ஒரு ஓட்டைகூட விடாம எல்லாத்தையும் மூடினேன், ஒரு நாள்கூட உள்ளே குளிர விடலை. அப்புறம் ஏன்?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், அவர் குளிரோடு சண்டை போட்டார். செடிக்குக் குளிர் இரண்டாம்பட்சம். அதன் பிரச்சினை காலண்டர்.

கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். பகல் நீளமாக இருக்கும்வரை இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். இரவு ஒரு அளவுக்கு மேல் நீண்டால்தான் பூக்கத் தொடங்கும். சென்னையில் ஜூன் மாசப் பகலே பதிமூன்று மணி நேரத்தைத் தொடாது. டொராண்டோவில் அதே நாளில் பதினைந்தரை மணி நேரம் வெளிச்சம். ஆகஸ்ட் பாதிக்கு வரும்போதுதான் அது பதினாலு மணி நேரத்துக்கு இறங்குகிறது. செடி "ஓ, இரவு நீளுதே" என்று உணர்ந்து மொட்டு வைக்க ஆரம்பிப்பது அப்போதுதான். மொட்டு முற்ற எட்டு ஒன்பது வாரம். எண்ணிப் பாருங்கள், அக்டோபர் நடுவில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் முதல் உறைபனி செப்டம்பர் கடைசியிலேயே எட்டிப் பார்க்கும். ஜூனில் உச்சிவேளையில் 70 டிகிரி உயரத்தில் நிற்கும் சூரியன் அக்டோபர் நடுவில் 38 டிகிரிக்கு இறங்கிவிடும். அதாவது வெளிச்சம் குறைந்து, ஈரம் கூடி, இரவெல்லாம் பனி கொட்டுகிற காலத்தில்தான் அந்தச் செடி தன் வாழ்க்கையின் முக்கியமான வேலையைச் செய்தாக வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் இதே சாதிதான். விதைப்பு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், ஐப்பசி வாக்கில் பகல் சுருங்கும்போதுதான் கதிர் வைக்கும். விதைத்த தேதியைப் பயிர் பெரிதாக மதிப்பதில்லை. வானத்தைத்தான் பார்க்கும்.

இதை முதலில் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அதிலும் கஞ்சா, அதிலும் குளிர்நாட்டுப் பசுமைக்குடில். பிரான்ஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர் சணல் கஞ்சாவையும் ஜப்பானிய ஹாப்ஸ் கொடியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் பசுமைக்குடிலுக்குள் விதைத்த செடிகள் இத்துணூண்டு இருக்கும்போதே பூத்துவிட்டன. எல்லோரும் வெப்பம், உரம் என்று காரணம் தேடுகிற காலம் அது. அவர் தினசரி வெளிச்ச நேரத்தைக் குறைத்துப் பார்த்தார். பகல் சுருங்குவதைவிட இரவு நீளுவதே காரணமாக இருக்கும் என்று 1914இல் எழுதினார். அதே வருஷம் முதல் உலகப் போரில் செத்துப்போனார். பெயர் கிடைத்தது அமெரிக்காவின் கார்னருக்கும் அல்லார்டுக்கும். 1920இல் அவர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதையே விரிவாக நிரூபித்தார்கள். கோடைச் சாயங்காலத்தில் வெயில் அடிக்கும்போதே செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, போலி இரவைக் கொடுத்துப் பூக்க வைத்தார்கள். இந்தக் கொட்டகையை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையை வைத்துச் செய்த சோதனையும் முக்கியம். நீளமான இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டால் போதும், செடி பூக்கவில்லை. பகலின் நடுவில் அதேபோல இருட்டாக்கினால் ஒன்றும் ஆகவில்லை. செடி எண்ணுவது இடையூறில்லாத இருட்டை.

இதைப் படித்துக்கொண்டிருந்த இரவு எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அவருடைய நாலு செடிகளில் மூன்று ஆகஸ்ட் நடுவிலேயே மொட்டு வைத்துவிட்டன. வேலியோரத்துச் செடி மட்டும் இரண்டு வாரம் பிந்திப் பூத்தது என்று அவர் ஒருமுறை புலம்பியிருந்தார். அந்த வேலியிலிருந்து நாலு மீட்டரில் என் கராஜ் சுவர். அந்தச் சுவரில் இரவு முழுக்க எரிகிற விளக்கு. திருடன் பயத்துக்காக நானே வாங்கி மாட்டினது. பாலிகார்பனேட் சுவர் வழியாக அந்த வெளிச்சம் நேராக அந்தச் செடிமேல்தான் விழும். போய்ச் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். சிரித்துவிட்டார். "அதுவும் பூஞ்சையில்தான போச்சு, விடுங்க" என்றார்.

பூஞ்சை. அது சாம்பல் பூஞ்சை, போட்ரைட்டிஸ் சினெரியா. திராட்சை, ஸ்ட்ராபெரி எல்லாவற்றையும் தாக்குகிற அதே ஆள்தான். அதற்கு ஈரமும் 15 முதல் 20 டிகிரி வரையான மிதமான சூடும் கிடைத்தால் போதும். அவர் ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைத்திருந்தார் தெரியுமா? பதினைந்து. காசு கொடுத்துப் பூஞ்சைக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம்தான். பகலில் குடிலுக்குள் 25 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் கன மீட்டருக்கு 16 கிராம் நீராவி இருக்கும். இரவில் 10 டிகிரிச் சுவரைத் தொட்டதும் அதில் ஆறரை கிராமுக்கு மேல் நீராகிவிடும். இரண்டுக்கு மூன்று மீட்டர், இரண்டு மீட்டர் உயரக் குடிலில் 12 கன மீட்டர் காற்று. ஏறக்குறைய 80 மில்லி. ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நாலு பெரிய செடிகள் நாள் முழுக்க லிட்டர் கணக்கில் இலை வழியாக நீராவி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மூடி வைத்தால் அது வெளியே போக வழியே இல்லை. கூரையில் குளிர்ந்து, சொட்டாகி, மொட்டுமேல் விழுகிறது. கஞ்சா மொட்டு பஞ்சுப் பொதி மாதிரி நெருக்கமானது. உள்ளே போன ஈரம் காயாது. அதனால்தான் வெளியே பச்சையாகவும் உள்ளே சாம்பலாகவும் இருந்தது.

குளிர்நாட்டில் பசுமைக்குடில் வைக்கிற எல்லோரும் இந்தத் தப்பைச் செய்கிறோம், நான் உட்பட. சூடு போய்விடும் என்று பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். அனுபவசாலிகள் சாயங்காலம் ஹீட்டரையும் போட்டு ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைப்பார்கள். பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் சூடான காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது, உள்ளே வருகிற குளிர்காற்று சூடாகும்போது வறண்டுவிடுகிறது. இதோடு ஒரு சின்ன ஃபேன் இரவு முழுக்க ஓடினால் பாதி நோய் இல்லை.

சரி, நல்ல ஹீட்டராகப் போட்டு டிசம்பர் வரை இழுத்தால் என்ன என்று அவர் கேட்டார். அதையும் பார்த்தோம். அந்தக் குடிலின் சுவரும் கூரையும் சேர்த்து 26 சதுர மீட்டர். அந்த மாதிரி இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 3.5 வாட் கசியவிடும் என்று கொள்ளலாம். வெளியே மைனஸ் 15, உள்ளே 15 என்றால் 2.7 கிலோவாட் விடாமல் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 65 யூனிட் கரண்ட். வெளிச்சத்துக்குத் தனிச் செலவு. அந்தக் காசுக்குக் கடையில் வாங்கிவிடலாம்.

மூடி போட்ட 200 லிட்டர் தண்ணீர் டிரம் மூன்றை உள்ளே வைக்கலாம். 20 டிகிரியிலிருந்து 12க்கு இறங்கும்போது ஐந்தரை யூனிட் சூட்டைத் திருப்பித் தரும். வெளியே 4 டிகிரி இருக்கிற செப்டம்பர் இரவில் தேவையில் அது மூன்றில் இரண்டு பங்கு. ஓசிச் சூடு, நல்லதுதான். ஆனால் டிரம்மால் காலண்டரை மாற்ற முடியாது.

காலண்டரை மாற்ற இரண்டு வழி. ஒன்று, காலண்டரையே பார்க்காத செடியைப் போடுவது. 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் ருடெராலிஸ் என்று பெயரிட்ட களைக் கஞ்சா ஒன்று உண்டு. கோடை குறுகிய பூமியில் வாழ்கிற செடி, இரவுக்குக் காத்திராமல் வயது வந்ததும் பூத்துவிடும். அதோடு கலந்து உருவாக்கிய 'ஆட்டோ' விதைகள் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வேலையை முடித்துவிடும். செடி சின்னது, விளைச்சலும் குறைவு. இன்னொன்று, அந்த இருட்டுக் கொட்டகை. செவ்வந்தி வளர்க்கிற வியாபாரிகள் ரொம்ப காலமாகச் செய்வதுதான்: கறுப்புத் திரையைப் போட்டுக் கோடையில் இரவை உண்டாக்குவது.

அடுத்த வருஷம் இரண்டு ஆட்டோ, இரண்டு சாதாரணச் செடி என்று பிரித்தார். ஆட்டோ இரண்டும் ஆகஸ்ட் முதல் வாரமே அறுவடைக்கு வந்துவிட்டன. மற்ற இரண்டுக்கும் ஜூலை 8 முதல் தார்ப்பாய். சாயங்காலம் அஞ்சரைக்குக் குடிலை மூடி, இருட்டின பிறகு பத்து மணிக்கு எடுத்துவிட வேண்டும். அதிகாலை அஞ்சரைக்கு வெளுக்கும்வரை பன்னிரண்டு மணி நேர இருட்டு. இரவு முழுக்க மூடி வைக்கக் கூடாது, மறுபடியும் ஈரம் தேங்கும். முதல் வாரம் தார்ப்பாய்க்குள் சூடு தாங்காமல் இலை நுனிகள் கருகின. அப்புறம் வெளிப்பக்கம் வெள்ளை, உட்பக்கம் கறுப்பு உள்ள பாய்க்கு மாறினார். பத்து மணிக்குப் பாயை எடுப்பதால் என் விளக்கு எரியவே கூடாது. ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற மாதிரி மாற்றி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். அவர் மனைவிக்கு முதல் வருஷம் கீமோ தொடங்கியிருந்தது. சாப்பிட முடியாத குமட்டல். அவருக்காகத்தான் வளர்த்தார். அன்று அக்டோபர் காலையில், அழுகின பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஈரத்தில் கெட்ட மொட்டில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சைகளும் குடியேறும். காயவைத்தாலும் வித்துகள் சாகாது. நோயெதிர்ப்பு குறைந்த நுரையீரலுக்குள் அது போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் பேசுங்கள் என்றேன். பேசினார். அவர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஏன் இரண்டாவது வருஷம் வளர்த்தீர்கள் என்றதற்கு, "சாயங்காலம் செய்ய ஏதாவது வேணுமே" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

ஆகஸ்டில் அவர் மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த ஒன்பது நாளும் அஞ்சரைக்கும் பத்துக்கும் தார்ப்பாய் டியூட்டி என்னுடையது. வீட்டில் கிண்டல் தாங்கவில்லை.

செப்டம்பர் 10ஆம் தேதி வெட்டினார். ஒவ்வொரு மொட்டையும் பிளந்து பார்த்தோம், ஒன்றிலும் சாம்பல் இல்லை. அறுத்த வாடை தெருமுனை வரைக்கும் போனது. அவர் மனைவி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ரொம்ப நாளுக்குப் பிறகு பின்வாசலுக்கு வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், அடுத்த வருஷம் தக்காளி போடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்த வருஷம் குடிலில் தக்காளி.