ஜெப மலையில் ஐந்து பேர்

பாகாலாவிலிருந்து திருப்பதி, கூடூர், நெல்லூர் வழியாக ரயிலில் வடக்கே போனால் ஓங்கோல். அங்குள்ள ஒரு சிறு குன்றைக் கிறிஸ்தவர்கள் ஜெப மலை என்கிறார்கள். 1854 ஜனவரி 1, விடியற்காலை. அதன்மீது ஐந்து பேர் முழந்தாளிட்டார்கள்: நெல்லூரிலிருந்து வந்திருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி லைமன் ஜூவெட், அவர் மனைவி, மூன்று தெலுங்குக் கிறிஸ்தவர்கள். ஓங்கோலுக்கு ஒரு ஊழியர் வேண்டும் என்பதே வேண்டுதல்.

கேட்ட நேரம் சரியில்லை. 1836ல் தொடங்கிய தெலுங்கு மிஷனில் அதுவரை சேர்ந்தவர்கள் வெகு சிலரே. அதை மூடிவிடலாமா என்று 1853ல் அமெரிக்காவில் விவாதித்திருந்தார்கள். 1862ல் மறுபடியும் அதே பேச்சு. தாயகம் போயிருந்த ஜூவெட், தனியாகவேனும் திரும்பிப் போவேன் என்று அடம்பிடித்தார். ஒருவழியாக 1866ல் ஓங்கோலில் ஜான் கிளஃப் குடியேறினார். இடையில் 12 ஆண்டுகள்!

கிளஃப் செயல்வீரர். 1876-78 பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் காண்டிராக்டை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். ஆனால் ஞானஸ்நானம் கேட்டவர்களுக்கு (பெரும்பாலும் மாதிகா சாதியினர்) சுமார் 15 மாதம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பெயர் வேண்டாம் என்பது அவர் எண்ணம். விடாமல் கேட்டது இப்போது அவர்கள்தான். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பஞ்சமா, சாதிக் கொடுமையா, ஜெபமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. குன்றின்மீது ஜூவெட் கேட்டதென்னவோ ஒரே ஒரு ஆளைத்தான்.